ஜெபத்தில் உட்கார்ந்தால் மனம் ஓடுகிறதா? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு மாலை ஆராதனை முடிந்த பிறகு, சபைக்குப் புதிதாக வந்திருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது சில வருடங்களாக என் பொறுப்பு. ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம் ஆனவர்கள் வருவார்கள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளிக்கு வந்து, நடுவில் விட்டுவிட்டு, இப்போது திரும்பி வந்திருப்பவர்களும் இருப்பார்கள். சென்ற வருடம் அவர்களில் ஒரு பையன், செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன், எல்லாரும் போன பிறகு நின்று கேட்டான்: "அக்கா, நான் தப்பா ஒண்ணும் செய்யல. ஆனா ஜெபம்னு உட்கார்ந்தா அஞ்சு நிமிஷம் தாண்டல. பைபிளைத் திறந்தா நாலு வசனத்துக்குள்ள மனசு கடைக்குப் போயிடுது. எனக்கு விசுவாசமே இல்லையோ?"

விசுவாசம் இல்லாதவனுக்கு இந்தக் கவலையே வராது என்று சொன்னேன். இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று, அவனிடம் அன்றும் பிறகும் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மாற்கு 4ஆம் அதிகாரத்தில் இயேசு விதைக்கிறவன் உவமையைச் சொல்கிறார். அதில் வழியருகே விழுந்த விதையைப் பறவைகள் தின்றுவிடுகின்றன. பாறையில் விழுந்தது வெயிலில் கருகுகிறது. முள்ளுள்ள இடத்தில் விழுந்ததோ சாகவில்லை. அது முளைக்கிறது, வளர்கிறது, பச்சையாகத்தான் நிற்கிறது. பலன் மட்டும் கொடுப்பதில்லை. முள் அதை "நெருக்கிப்போட்டது" என்கிறது வேதம். அந்த முள் எது என்பதையும் அவரே விளக்குகிறார்: உலகக் கவலைகள், ஐசுவரியத்தின் மயக்கம், மற்றவைகளைப்பற்றி உண்டாகிற இச்சைகள். கொலை, களவு என்று எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. வீட்டு வாடகையும் பிள்ளையின் ஃபீஸும் புது வண்டி ஆசையும்தான் இருக்கின்றன. அதனால்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். பாவம் வந்தால் மனசாட்சி குத்தும். முள் நெருக்கும்போது குத்தக்கூடச் செய்யாது, கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் பக்கம் வயலில் களை எடுக்கிறவர்களுக்குக் கோரையைப் பற்றி நன்றாகத் தெரியும். மேலே கிள்ளிப்போட்டால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை சில நாளிலேயே தலைகாட்டிவிடும். கவனச் சிதறலும் அப்படித்தான். "நாளையிலிருந்து ஒழுங்காக ஜெபிப்பேன்" என்று வைராக்கியமாக முடிவெடுப்பது மேலே கிள்ளுவது. கீழே சொல்லப் போவது கொஞ்சம் மண்ணைத் தோண்டுகிற வேலை.

இன்னொன்று. இது செல்போன் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, ஜெபத்தில் சலிப்பு தட்டிய ஒரு துறவி என்ன செய்வார் என்று எழுதி வைத்திருக்கிறார். பகல் 50 மணி நேரம் நீளுவதுபோல் அவருக்குத் தோன்றுமாம். அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பார். அறையை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சூரியன் இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அண்ணாந்து பார்ப்பார். சகோதரர் யாராவது வருகிறார்களா என்று அங்கும் இங்கும் பார்ப்பார். கையில் போன் இல்லை என்பதைத் தவிர அவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஹிப்போ நகரின் பிஷப்பாக இருந்த அகுஸ்தீனும், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி தன் வலையில் ஈயைச் சுற்றுவதும் தன் கவனத்தை இழுத்துவிடுகின்றன என்று தேவனிடமே அறிக்கை செய்திருக்கிறார். இது 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய கதை. ஆகவே உங்கள் மனம் ஓடுகிறது என்பதற்காக நீங்கள் கெட்டுப்போய்விட்டதாக எண்ணிப் பயப்பட வேண்டாம்.

சரி, தொடங்கலாம்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் பாருங்கள்

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு, ஜெபிக்க நினைத்து முடியாமல் போன ஒவ்வொரு முறையும், உங்களை இழுத்தது எது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். "கிரிக்கெட் ஸ்கோர்." "தூக்கம்." "மேனேஜர் பேசினது." அவ்வளவு போதும். போனில் எவ்வளவு நேரம் போகிறது என்று தெரிய, ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்று செட்டிங்ஸில் இருக்கிறது. அதையும் ஒருமுறை பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பலருக்கும் முகம் சுருங்கும். சுருங்கட்டும், யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.

ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், நம் எதிரி எது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் தப்பாக இருக்கிறது. போன்தான் பிரச்சினை என்று உறுதியாகச் சொன்ன ஒரு அம்மா, வாரம் முழுக்க எழுதிப் பார்த்தார்கள். ஏழு நாளில் ஐந்து நாள் அவர்கள் எழுதியிருந்தது "நகை." மகளின் படிப்புக்காக வங்கியில் அடகு வைத்த வளையல்களைத் திருப்ப நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் அந்த வளையல்தான் வந்து நிற்கிறது. போனை அணைத்து வைத்திருந்தால் அவர்களுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. அவர்களுக்கு வேறு மருந்து வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நேரம், ஒரு இடம்

மாற்கு 1ஆம் அதிகாரத்தை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். கப்பர்நகூமில் ஓய்வுநாள். இயேசு ஜெப ஆலயத்தில் போதிக்கிறார், அசுத்த ஆவி பிடித்தவனைக் குணமாக்குகிறார். அங்கிருந்து சீமோன் வீட்டுக்குப் போகிறார், அங்கே சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். சாயங்காலம் சூரியன் அஸ்தமித்ததும் பட்டணம் முழுவதும் வாசலில் கூடிவிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு நாளுக்கு அடுத்த நாள், "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு" வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம் பண்ணினார். சீமோனும் மற்றவர்களும் தேடிக் கண்டுபிடித்து என்ன சொல்கிறார்கள்? "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்." அவசரம் என்றால் அதைவிட அவசரம் என்ன வேண்டும், ஊரே நிற்கிறது. அவர் அந்தக் கூட்டத்திடம் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்றார். அன்று எங்கே போக வேண்டும் என்பதை வாசலில் நின்ற கூட்டம் முடிவு செய்யவில்லை. இருட்டில் பிதாவோடு இருந்த நேரம் முடிவு செய்தது. இந்தப் பகுதியை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

உங்களுக்கான நேரம் அதிகாலையாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டான். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர் காலை ஏழரைக்கு, படுப்பதற்கு முன் உட்காரலாம். முக்கியம் என்னவென்றால், தினமும் அதே நேரம். "எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது" என்று வைத்தால் கிடைக்கவே கிடைக்காது. தொடக்கத்தில் 15 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று தொடங்குகிறவர்கள் பத்தாம் நாள் விட்டுவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 15 நிமிடம் என்று தொடங்கியவர்கள் ஆறாவது மாதத்தில் அரை மணி நேரம் இருக்கிறார்கள், அதுவும் தங்களை அறியாமலே.

இடம் விஷயத்தில், "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசு சொன்னார். நம்மில் பாதிப் பேருக்குத் தனி அறையே கிடையாது. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் கதவை எங்கே போய்ப் பூட்டுவது? மாடிப்படி, மொட்டைமாடி, பகலில் திறந்திருக்கும் சபைக் கட்டிடம், ஆபீஸுக்கு 20 நிமிடம் முன்னால் போய் வண்டியை நிறுத்தும் வேப்பமரத்தடி, இவையெல்லாம் அறைவீடுதான். ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி ஆகியோரின் தாய் சூசன்னா வெஸ்லிக்கு 19 பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களில் பலர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். மீதிப் பிள்ளைகள் நிறைந்த அந்த வீட்டில், அவர் தன் ஏப்ரனைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா ஜெபிக்கிறாள், தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்று வழிவழியாகச் சொல்வார்கள். நம் வீடுகளில் சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அடுப்படி ஓரம் உட்காரும் பாட்டிகளை நினைத்துக்கொள்கிறேன். அவர்களும் அதே கதவைத்தான் பூட்டினார்கள்.

போனை என்ன செய்வது

இதில் நான் விழுந்த கதையைச் சொல்கிறேன். பல மாதங்கள் என் அலாரம் போனில்தான் இருந்தது. ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு அடித்தது. நிறுத்த எடுத்தேன். குடும்ப குரூப்பில் முந்தின இரவு யாரோ புதுவீடு புகுந்த படங்கள் போட்டிருந்தார்கள். பார்த்தேன், வாழ்த்துச் சொன்னேன். அதற்குக் கீழே ஒரு பிரசங்கத் துண்டு வீடியோ இருந்தது. நல்ல செய்திதானே என்று அதையும் பார்த்தேன். அது முடிந்ததும் இன்னொன்று தானாக ஓடியது. தலை நிமிர்ந்தபோது மணி ஐந்து ஐம்பது, குக்கர் வைக்க வேண்டிய நேரம். மேஜையில் என் வேதம் இருந்தது. முந்தின இரவு அதன் மேல் வைத்த மூக்குக் கண்ணாடி வைத்தபடியே இருந்தது. 50 நிமிடம் கண்ணாடி இல்லாமலே, எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் போனைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றே கடைத்தெருவுக்குப் போய் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கினேன். போன் இரவில் அடுப்படியில் சார்ஜ் ஏறட்டும் என்று வைத்தேன். இந்த இரண்டும் செய்த மாற்றத்தை வேறு எந்தத் தீர்மானமும் செய்யவில்லை. உங்களுக்கும் முதலில் சொல்வது இதுதான்: போன் படுக்கை அறையில் தூங்க வேண்டாம். ஜெப நேரம் முடியும்வரை அதைத் தொட வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், அவசர அழைப்பு வரலாம் என்றால் டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, குறிப்பிட்ட இரண்டு மூன்று பேரின் அழைப்புக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைக்கலாம். பத்து நிமிட வேலை. தெரியவில்லை என்றால் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்கள் இரண்டே நிமிடத்தில் செய்து தருவார்கள்.

அப்புறம், வேதத்தை அச்சுப் புத்தகத்தில் வாசியுங்கள். போனில் இருப்பதும் தேவ வசனம்தான், சந்தேகமில்லை. ஆனால் வசனத்துக்கு மேலே ஒரு மெசேஜ் எட்டிப் பார்க்கும்போது உங்கள் விரல் சும்மா இருக்காது. கண் சரியில்லாதவர்கள், வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் ஆடியோ வேதம் கேட்கலாம். அப்போது போனைக் கவிழ்த்து வையுங்கள்.

வாக்குத்தத்த வசனப் படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தினமும் காலையில் மூன்று குரூப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ரோஜாப்பூ, சூரிய உதயம், நடுவில் ஒரு வசனம். அனுப்பிவிட்டு யார் யார் ஆமென் போடுகிறார்கள் என்று பார்ப்பேன். அந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை நான் அன்று வாசித்திருக்கவே மாட்டேன். அனுப்புவது தவறு என்று சொல்ல மாட்டேன், அந்தப் படத்தைப் பார்த்துத் தேற்றப்பட்டவர்களும் உண்டு. முதலில் அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள், ஜெபியுங்கள், அப்புறம் அனுப்புங்கள். பிரசங்க வீடியோக்களும் இப்படியே. மூன்று மணி நேரம் மற்றவர் ஜெபித்ததைக் கேட்டது நீங்கள் பத்து நிமிடம் ஜெபித்ததற்கு ஈடாகாது.

கொஞ்ச நாளில் உங்களை மீண்டும் இழுக்கப் பார்க்கும். நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதில் சுவரை, கட்டிக்கொண்டிருந்தபோது, ஓனோ பள்ளத்தாக்குக்கு வா, சந்திக்கலாம் என்று எதிரிகளான சன்பல்லாத்தும் கேஷேமும் ஆள் அனுப்பினார்கள். "நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது" என்று பதில் சொன்னான். விட்டார்களா? நாலு தரம் அனுப்பினார்கள், நாலு தரமும் அவன் அதே பதிலைச் சொன்னான். புதுப் பதில் தேடவில்லை, விவாதம் பண்ணவில்லை. அலங்கம் 52 நாளில் முடிந்தது. கை போனைத் தேடும்போது எனக்கு நானே இந்த வசனத்தைச் சொல்லிக்கொள்வேன்.

எதை வாசிப்பது

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று. நாலு சுவிசேஷங்களிலும் சிறியது, வேகமாக நகரும். வாய்க்குள்ளாக வாசிக்காமல், உங்கள் காதில் விழும்படி மெல்ல வாசியுங்கள், மனம் ஓடுவது பாதியாகக் குறையும். ஒரு வசனத்தைக் கையால் நோட்டில் எழுதுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் ஓடும்போது என்ன செய்வது

நேரம் வைத்தாயிற்று, இடம் பிடித்தாயிற்று, போன் அடுப்படியில் இருக்கிறது. கண்ணை மூடினால் அப்போதும் மனம் ஓடும். உண்மையில் அமைதியாக உட்கார்ந்த பிறகுதான் அதிகமாக ஓடும், கலங்கிய தண்ணீர் தெளியும்போதுதான் அடியில் கிடப்பது தெரிகிறது. இந்த இடத்தில்தான் பலரும் மனமுடைந்து எழுந்துவிடுகிறார்கள். எழுந்துவிடாதீர்கள். வந்த எண்ணம் எந்த வகை என்று பாருங்கள்.

சில எண்ணங்கள் வெறும் வேலை: கேஸ் புக் பண்ண வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். இதற்கு வேதத்தின் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் வையுங்கள். ஒரு சொல்லில் குறித்துவிட்டுத் திரும்புங்கள். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனம் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. தாளில் ஏறியதும் விட்டுவிடும்.

சில எண்ணங்கள் கவலை. அந்த அம்மாவின் வளையல் இந்த வகை. கவலையைத் துரத்தத் துரத்த அது வலுக்கும். அதை ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று தள்ளாமல், அதையே ஜெபமாக்குங்கள். "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை" தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்லி பவுல் எழுதினார். எல்லாவற்றையும் என்றால் வளையலையும்தான். நான் அவர்களிடம் சொன்னது இதுதான்: "நகையை மறந்து ஜெபிக்கப் பார்க்காதீங்க. எத்தனை பவுன், எவ்வளவு வட்டி, எந்தத் தேதி, எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லுங்க." சொல்லி முடிக்க முதல் நாள் பத்து நிமிடம் ஆனதாம். இரண்டாம் வாரம் இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. நகை அப்போதும் வங்கியில்தான் இருந்தது.

மூன்றாவது வகை, ஒரே முகம் அல்லது ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வருவது. நாம் பேசாமல் விட்ட ஒருவர், நமக்கு அநியாயம் செய்த ஒருவர், நாம் அநியாயம் செய்த ஒருவர். இதைத் தாளில் குறித்தாலும் போகாது, விண்ணப்பமாகச் சொன்னாலும் போகாது. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தபின், உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இயேசு சொன்னார். அந்த நினைவு பலிபீடத்தின் முன்னால் வருவதைக் கவனியுங்கள். எல்லா நினைவும் சிதறல் அல்ல.

இவை எதிலும் சேராமல் மனம் சும்மா மேய்கிறதா? திரும்பி வர ஒரு சின்ன ஜெபத்தை வைத்துக்கொள்ளுங்கள். "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று இயேசுவின் உவமையில் வரும் ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், சொன்னது போதும். பேதுரு கடலின்மேல் நடக்கும்போது காற்றைப் பார்த்துப் பயந்து அமிழப் போனான். "ஆண்டவரே" என்று கூப்பிட்டான், உடனே இயேசுவின் கை நீண்டது. நீ ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டுவிட்டு அப்புறம் கை நீட்டவில்லை, பிடித்த பிறகுதான் கேட்டார். 15 நிமிடத்தில் மனம் 20 தடவை ஓடினால் 20 தடவை திரும்புங்கள். "ஐயோ, போச்சே" என்று உங்களைத் திட்டிக்கொண்டு இருக்காதீர்கள், அந்தத் திட்டும் ஒரு சிதறல்தான். அந்த 20 திரும்புதலையும் நான் ஜெபம் என்றே எண்ணுகிறேன். 20 தடவை அவரைத் தேடியிருக்கிறீர்கள் அல்லவா?

தூக்கம் வந்தால் எழுந்து நடந்துகொண்டே ஜெபியுங்கள். அது போதும்.

சபை வேலையே முள்ளாகும்போது

புதியவர்களுக்கு இதை ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். ஆர்வத்தோடு வருகிறவர்களைத்தான் நாம் முதல் மாதமே கொயரிலும் வாலிபர் சங்கத்திலும் அசன (சபை விருந்து) வேலையிலும் இழுத்துப் போடுகிறோம். அதனால் சொல்கிறேன். லூக்கா 10இல் இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட மார்த்தாள் சீரியல் பார்க்கவில்லை, இயேசுவுக்காகத்தான் வேலை செய்தாள். நம் வேதத்தில் அவள் பற்பல வேலைகளால் "மிகவும் வருத்தமடைந்து" என்று இருக்கும் இடத்தில், கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு நாலாபக்கமும் இழுபடுதல் என்று பொருள். சமைப்பது தவறு என்று இயேசு சொல்லவில்லை, அவரும் சாப்பிடத்தான் வந்திருந்தார். இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் அவள், இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்திருந்த தன் சகோதரி மரியாளைக் குறை சொல்கிறாள், பிறகு இயேசுவிடமே கோபப்படுகிறாள்: "உமக்குக் கவையில்லையா?" (அக்கறை இல்லையா?) ஊழியம் நம்மை நெருக்குகிறதா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை. செய்யாத மற்றவர்கள்மேல் எரிச்சல் வரத் தொடங்கினால், நீங்கள் கொஞ்சம் பாதத்தருகே உட்கார வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரு வருடம் சபைத் தேர்தல் சமயத்தில் நாங்கள் சில பேர் இரவு பன்னிரண்டு வரை ஒரு குரூப்பில் வாதாடினோம். தேவனுடைய சபைக்காக என்றே நினைத்தேன். அந்த ஒரு மாதம் என் நோட்டில் ஒரு வசனமும் எழுதப்படவில்லை. பக்கங்கள் வெறுமையாக இன்னும் இருக்கின்றன, கிழிக்க மனம் வரவில்லை. ஆகவே முதல் வருடம் ஒரே ஒரு பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். சபைப் போதகரான ஐயர் கேட்டால், தாழ்மையாக அதையே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் லெந்து நாட்களும்

ஞாயிறு ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போதே கிளம்பிவிடுங்கள். இரண்டாம் மணிக்கு ஓடிவந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால், மனம் வந்து சேர பிரசங்கம் பாதி முடிந்துவிடும். கொஞ்சம் முன்னால் உட்காருங்கள். போன் வீட்டிலோ வண்டியிலோ இருக்கட்டும். முடிந்தால் மதியச் சாப்பாடு வரை அதை எடுக்காமல் இருந்து பாருங்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தின் 40 நாட்களில் இறைச்சியை விடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த முறை அதோடு சேர்த்து, உங்கள் நோட்டில் அதிகமுறை வந்த ஒன்றையும் விடுங்கள். ரீல்ஸாக இருக்கலாம், இரவு செய்தி விவாதமாக இருக்கலாம். விட்ட இடத்தை வெறுமையாக விடாதீர்கள், வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு சங்கீதம் வாசியுங்கள், அல்லது வீட்டில் எல்லாரும் சேர்ந்து குடும்ப ஜெபம் வையுங்கள்.

தவறிப்போன நாள்

கட்டாயம் தவறும். காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார்கள், ஒன்றுமில்லாமலேயே ஒரு நாள் தூங்கிவிடுவீர்கள். மறுநாள் இரண்டு நாளுக்குச் சேர்த்து ஜெபித்துக் கணக்கைச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், இது வட்டிக் கடன் அல்ல. விட்ட அதிகாரத்திலிருந்து, வழக்கமான 15 நிமிடத்தோடு தொடருங்கள். மூன்று நாள் தொடர்ந்து தவறினால் மட்டும் ஒருவரிடம் சொல்லுங்கள். இதற்காகவே சபையில் ஒருவரை ஜெபத் துணையாக வைத்துக்கொள்வது நல்லது. பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண். வாரம் ஒருமுறை "எப்படிப் போகுது?" என்று அவர் கேட்டாலே போதும்.

மாற்கு முடிந்ததும் பிலிப்பியர், நாலு அதிகாரம். அப்புறம் லூக்கா, 24.

அந்தச் செல்போன் கடைப் பையன் மாற்குவை 16 நாளில் முடிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முடித்த ஞாயிறு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினான். வேதத்தின் பக்கத்தில் வைக்கச் சொன்னேனே, அந்தத் துண்டுத்தாள். வண்டி சர்வீஸ், ஸ்டாக் எண்ணணும், அம்மா மாத்திரை, ரீசார்ஜ் என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றாய் அடித்திருந்தான். நடுநடுவே ஒரே சொல் ஆறு இடத்தில் இருந்தது, அடிக்கப்படாமல்: அண்ணன். நிலம் பிரித்ததில் வந்த பேச்சு. இரண்டு வருடமாக இருவரும் பேசுவதில்லை.

"இது சிதறலா அக்கா, இல்ல அவர் பேசுறாரா?" என்று கேட்டான்.

மத்தேயு 5ஐ எடுத்துக் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தான். வீட்டுக்குப் போனதும் அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். வீடுவரை போக அவன் காத்திருக்கவில்லை. சபை வாசலில் செருப்பை மாட்டும்போதே போனை எடுத்துக் காதில் வைத்தான்.